பவளத்தை எழுதுவது நானில்லை

போன மாதம் மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லோஞ்ச் படகில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நானும் மனைவி தவமலரும். அவளுடைய சித்தி வீட்டில் ஒரு விசேஷம், அதற்குப் போன பயணம். லோஞ்ச் நிறையச் சனம். தயிர்ச் சட்டிகள் ஒரு பக்கம், கோழிக் கூடைகள் ஒரு பக்கம், நடுவில் நாங்கள். கொட்டியாரக் குடா அன்று நல்ல பிள்ளையாக அலையடிக்காமல் படுத்திருந்தது.

எதிர் வாங்குப் பலகையில் தொப்பி போட்ட ஒரு பெரியவர். நரைத்த தாடி. கையில் இந்த வார இதழ் சுருட்டியபடி. என்னைப் பார்ப்பதும், இதழை விரித்து இந்தப் பத்தியின் தலையில் இருக்கும் என் படத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு எழுந்து தயிர்ச் சட்டிகளைத் தாண்டி வந்துவிட்டார்.

“சதாசிவம் சேர்தானே?”

“ஓம்.”

அவர் என் மனைவியைப் பார்த்து மிக மரியாதையாகச் சொன்னார்: “தங்கச்சி, கொஞ்சம் அங்கால தள்ளி இரிங்க. சேரோட ஒரு முக்கியமான கதை இரிக்கி.”

தவமலர் பிளாஸ்டிக் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தள்ளி இருந்தாள். பெரியவர் இடையில் அமர்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சேர், ஒங்களக் கெஞ்சிக் கேக்கிறன். பவளத்த மட்டும் சாக வெச்சிராதீங்க. எங்கட ஊட்டுல பொண்டாட்டி, மருமகள், எல்லாரும் அவள்தான் எண்டு கிடக்கிறாங்க. பேப்பர் வாற அண்டைக்கி அடுப்பே பத்துறல்ல.”

பவளம் யார் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? இருந்தாலும் இன்றைக்குத்தான் இதழைக் கையில் எடுத்தவர் ஒருவர் இருந்தால், அவருக்காக... பவளம் இந்த இதழில் நான்கு பக்கம் தள்ளி வரும் மர்மத் தொடர்கதைகளின் நாயகி. திருகோணமலையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்கிறவள். மற்றவர்களுடைய மனம் பேசுவது அவளுக்குக் கேட்கும். ஆனால் எல்லாம் கேட்காது. மனிதர்கள் ஒளிக்கிற நினைப்பு மட்டுமே கேட்கும். அதை வைத்துக்கொண்டு பேய்க்கும் மனிதருக்கும் இடையில் நடக்கிற வழக்குகளைத் தீர்த்துவைப்பாள். இந்தியப் பத்திரிகைகள் வருவது குறைந்துபோன இந்தக் காலத்தில் எங்கள் சனம் தங்கள் ஊரிலேயே கண்டுபிடித்துக்கொண்ட கதாநாயகி. கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் இறந்தவனின் குரல் கேட்ட கதையை வாசித்துவிட்டு, எங்கள் துறைமுக அலுவலகத்துப் பியோன் ஈமக்கிரியைக்குக்கூட அந்தப் பக்கம் போக மாட்டேன் என்று நின்றது வேறு கதை.

கதைகளின் கீழே போட்டிருக்கும் பெயர்: தவமலர்.

முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் எங்கள் ஊர் முறைப்படி நான் பெரியவரிடம் சொன்னேன்: “காக்கா, பவளத்தை எழுதுறது நானில்லை. இந்தா, நீங்கள் தள்ளி இருக்கச் சொன்னீங்களே... இவதான்.”

அவர் தவமலரைப் பார்த்தார். மடியில் இருந்த கூடையைப் பார்த்தார். கூடையிலிருந்து தலையை நீட்டிய முருங்கைக்காயைப் பார்த்தார். பிறகு லோஞ்சே ஆடுமளவுக்குச் சிரித்தார்.

“சேர்ட பணிவு இரிக்கே... பெரிய மனிசர் பெரிய மனிசர்தான்!”

அவர் பெயர் காசிம். மூதூரில் புடைவைக் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். இறங்கும்போது எங்கள் கூடையைத் தானே தூக்கிக் கொடுத்தார்... என்னிடம்.

இது ஏதோ லோஞ்சில் நடந்த ஒரு நாள் கூத்து என்று நினைக்காதீர்கள். மூன்று வருடமாக இதுதான் கதை. காரணம் யார்? நம்முடைய ஆண் எழுத்தாளர்கள்தான். மனைவியின் பெயரை இரவல் வாங்கி எழுதியெழுதி வாசகர்களைப் பழக்கிவிட்டார்கள். பெண் பெயரைக் கண்டால் உடனே, “இதுக்குப் பின்னால ஆர் நிக்கிறார்?” என்று தேடுகிறார்கள். இப்போது ஒரு மனைவி தன் சொந்தப் பெயரில், சொந்த மூளையால், சொந்தக் குசினியில் அடுப்படி மேசையில் இருந்து எழுதினாலும், அது புருஷனின் புனைபெயர்! எங்கள் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். புருஷனும் அதே இதழில் எழுதுகிறவன். பிறகு சந்தேகத்துக்கு இடமேது?

மறுத்துப் பார்க்காமல் இல்லை. மறுக்க மறுக்க என் பணிவுக்குத்தான் பெயர் வளர்ந்தது. “தற்பெருமை இல்லாத மனுசன்” என்று துறைமுக அலுவலகத்தில் என் மேலதிகாரியே சொல்லத் தொடங்கிவிட்டார். தற்பெருமை இல்லாதவனா? நானா? இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும்.

ஒருமுறை அலுவலக நண்பர்கள் இருவர் வீட்டுக்கு வந்து, எனக்கு முன்னால் இருந்து, எனக்கே விளக்கினார்கள்.

“கள்ளச் சாராயம் காய்ச்சிறவையள் தங்களுக்குள்ள என்ன கதைக்கிறதெண்டு ஒரு பொம்பிளைக்கு எப்பிடித் தெரியும்? சொல்லும் பாப்பம்.”

“எங்கட கந்தோரில நடக்கிற குத்துவெட்டு வரி வரியா வருது. நீர் எழுதாமல்?”

அப்போது தவமலர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் அவளைப் பார்க்காமலே கோப்பையை எடுத்தார்கள். கந்தோர்க் குத்துவெட்டில் அடுத்த கட்டத்தைக் குரல் தாழ்த்தாமல் தொடர்ந்தார்கள். அவள் தட்டத்தோடு நின்று முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள். இரண்டு கிழமை கழித்து அது கதையில் வந்தது. எனக்குப் போன் எடுத்துப் பாராட்டினார்கள்!

சிரித்துக்கொண்டே இருந்திருப்போம். ஆனால் புத்தகம் வந்தது.

பவளத்தின் வழக்குகளில் வாசகர்கள் அதிகம் சண்டை பிடித்தது ‘ஆளில்லாத தோணி’க்குத்தான். இலங்கைத்துறையில் ஓர் இளம்பெண் கடலில் மூழ்கி இறந்துபோகிறாள். அதன்பின் பொழுதுபடும்போதெல்லாம் ஆளில்லாத தோணி ஒன்று தானாகக் கரைக்கு வருகிறது. அதிலிருந்து ஈரக் காலடிகள் அவளுடைய வீடுவரை நடக்கின்றன. பவளம் வருகிறாள். ஒவ்வொருவர் முன்னாலும் போய் இருந்து கேட்கிறாள். தாய் ஒளித்த பொய் கேட்கிறது. பேசி வைத்த மாப்பிள்ளை ஒளித்த பயம் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரி ஒளித்த எரிச்சல் கேட்கிறது. அண்ணன்காரன் மனதில் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. அவனை விட்டுவிடுகிறாள். கடைசியில் பார்த்தால், ஓட்டைத் தோணி என்று தெரிந்தே தங்கையை அதில் ஏற்றி அனுப்பியவன் அந்த அண்ணன்தான். தங்கை தனக்குப் பிடித்தவனைக் கட்ட நினைத்தாள் என்பதற்காக.

இதைப் புத்தகமாக்க ஓர் அச்சக உரிமையாளர் முன்வந்தார். எங்கள் வாசகர் வட்டம் வெளியீட்டு விழா எடுத்தது. வட்டத்தின் தலைவர் இளைப்பாறிய தலைமை ஆசிரியர் பொன்னுத்துரை மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்தவர். நானும் அந்தப் பாதியில் ஒருவன்.

அழைப்பிதழ் வீட்டுக்கு வந்தது. பிரித்துப் பார்த்தேன். ‘தவமலர் எழுதிய ஆளில்லாத தோணி.’ சரி. மங்கல விளக்கேற்றல்: திருமதி சதாசிவம். ஆய்வுரை: பொன்னுத்துரை மாஸ்டர். ஏற்புரை: சதாசிவம்.

ஒரே தாளில் என் மனைவி இரண்டு பேராக இருந்தாள். ஒருத்தி நான். மற்றவள் என் மனைவி.

ஏற்புரை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும்தானே? விழாவில் எல்லாரும் பேசி முடித்தபின் நூலாசிரியர் எழுந்து நன்றி சொல்லும் இடம். பத்துப் பேர் பேசினாலும் அந்த இடம் ஒருவருக்கு மட்டும் உரியது. அதில் நின்றவர்தான் எழுதியவர். ஊருக்கு முன்னால் அது ஒரு முத்திரை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன்.

“மாஸ்டர், அது நானில்லை. தவம்தான் எழுதுறவ. அழைப்பிதழை மாத்தவேணும்.”

மாஸ்டர் கதிரையில் சாய்ந்து கண்ணைச் சிமிட்டினார். “தெரியும் தம்பி, தெரியும். புனைபெயர் இரகசியம் வெளியில வரக்கூடாதெண்டு பாக்கிறீர். பயப்பிடாதையும். ஊருக்கே தெரிஞ்ச இரகசியம்தானே?”

திரும்பி வந்து தவமலரிடம் சொன்னேன்: “நீர் ஒருக்கால் வந்து மாஸ்டரிட்டச் சொல்லும். நம்புவார்.”

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“என்ர பிள்ளைக்கு நான்தான் தாயெண்டு நான் வீடு வீடாப் போய்ச் சாட்சி சொல்லவேணுமோ?”

“அப்ப என்ன செய்யிறது?”

“நீங்கள் செய்யிறதைச் செய்யுங்கோ. ஆனால் ஒண்டு... அந்த மேடையில நீங்கள் நிண்டு ஏற்புரை சொல்லி, சனமும் அப்பிடித்தான் எண்டு கலைஞ்சு போனால், பவளத்தை அதோட முடிச்சுப்போடுவன். அவளை இன்னொராளின்ர பேரில வளர்க்க என்னால ஏலாது.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். பதினாறு வருடம் அவளோடு வாழ்ந்தவன். அவள் சத்தமில்லாமல் சொன்ன எதுவும் நடக்காமல் போனதில்லை.

பவளம் போய்விட்டால்? அது நடக்க விடக்கூடாது. மனைவியின் கதை என்பதற்காக மட்டுமல்ல. நானும் அந்தத் தொடரின் பைத்தியம்தான். அச்சுக்குப் போகும்முன் ஒரு வரிகூட எனக்குக் காட்ட மாட்டாள். உங்களைப் போல் இதழ் வந்தபிறகுதான் நானும் வாசிக்கிறேன். தோணிக் கதையில் எனக்கும் ஒரு குழப்பம் இருந்தது. அண்ணன்காரனின் மனம் பவளத்துக்கு ஏன் கேட்கவில்லை? கேட்டபோது, “நீங்களும் வாசகர்தானே, யோசியுங்கோ” என்று போய்விட்டாள்.

விழா நாள் வந்தது. மண்டபம் நிறைந்த சனம். குச்சவெளியிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் இருந்தார்கள். முன்வரிசையில் யார்? சந்தன நிறச் சட்டையில் காசிம் காக்கா! முதல் லோஞ்சிலேயே வந்துவிட்டாராம்.

தவமலர் விளக்கேற்றினாள். கைதட்டினார்கள். மேடையின் ஓரத்தில் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருத்தினார்கள். காற்றுக்கு விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். எனக்கு நடுக் கதிரை. மாஸ்டர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். வேண்டாம் என்று நான் கைகூப்பியதைப் பார்த்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

ஆய்வுரை தொடங்கியது. மாஸ்டர் நன்றாகப் பேசினார். கட்டமைப்பு, நடை, கடற்கரையின் வர்ணனை, எல்லாவற்றையும் புகழ்ந்தார். “ஆண்மையுள்ள பேனா” என்று வேறு சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“ஒரேயொரு வழு. நாயகிக்கு மனத்தை அறியும் சக்தி. ஆனால் குற்றவாளிக்கு முன்னால் மட்டும் அந்தச் சக்தி வேலை செய்யவில்லை. ஏன்? ஆசிரியர் மறந்துவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும்.”

நான் திரும்பி விளக்கடியைப் பார்த்தேன். தவமலர் அசையவில்லை. சேலைத் தலைப்பை மட்டும் கையில் சுற்றிச் சுற்றி எடுத்தாள். தான் எழுதவில்லை என்றவர்களை அவள் மூன்று வருடமாகப் பொறுத்தாள். பிழையாக எழுதினாள் என்பதைப் பொறுக்கமாட்டாள். எனக்கு அது தெரியும்.

“அடுத்து, ஏற்புரை...”

ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றேன். “அன்பர்களே, இந்தப் புத்தகத்தை எழுதியது நான் அல்ல. அந்த விளக்கடியில் இருக்கும் என் மனைவி.”

பிறகு... கைதட்டல்! காதைப் பிளக்கும் கைதட்டல். “என்ன பணிவு!” என்று யாரோ கத்தினார்கள். மாஸ்டர் எழுந்து வந்து என் முதுகில் தட்டினார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லித் தோற்ற மனிதனை நீங்கள் பார்த்ததுண்டா?

கைதட்டல் அடங்கியபோது காசிம் காக்கா எழுந்தார்.

“சேர், கோவிக்காதீங்க. எங்கட ஊட்டுல மூணு நாள் சண்ட. மாஸ்டர் சொன்ன அதே கதைதான். அந்த அண்ணன்காரன்ட மனசு பவளத்துக்கு ஏன் கேக்கல்ல? மறந்தீங்களா... இல்லாட்டி காரணம் இரிக்கா?”

“எனக்குத் தெரியாது காக்கா.”

சனம் சிரித்தது.

“உண்மையாவே தெரியாது. நானும் உங்களைப் போல வாசிச்சனான். உங்களைப் போல யோசிச்சனான். விடை கிடைக்கேல்லை.”

இப்போது சிரிப்புக் குறைந்தது. காசிம் காக்கா என் முகத்தையே பார்த்தார். புடைவைக் கடைக்காரர், ஆட்களின் முகம் பார்த்து வியாபாரம் செய்கிறவர். அவர் மெல்லத் தலையைத் திருப்பி விளக்கடியைப் பார்த்தார்.

“அப்ப... தங்கச்சி, ஒங்களுக்குத் தெரியுமா?”

யாரும் போய்ச் சாட்சி சொல்லவில்லை. சனமே கேட்டுவிட்டது. தவமலர் எழுந்தாள். ஒலிவாங்கிக்கு வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். மண்டபத்தின் கடைசி வாங்குவரை கேட்டது.

“பவளத்துக்கு ஒளிக்கிற நினைப்பு மட்டும்தான் கேக்கும் எண்டு முதல் கதையிலயே எழுதியிருக்கிறன். அண்ணன்காரன் ஒண்டையும் ஒளிக்கேல்லை காக்கா. குற்றமெண்டு நினைக்கிறவன்தான் ஒளிப்பான். தங்கச்சியைக் கடலுக்கு அனுப்பினது சரி எண்டுதான் அவர் கடைசிவரைக்கும் நினைச்சுக்கொண்டிருந்தவர். பிறகு என்னத்தை ஒளிக்கிறது? என்னத்தை அவள் கேக்கிறது?”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும், “ஓம்... ஓமப்பா” என்றது.

மாஸ்டர் விடுவாரா? ஆசிரியர் அல்லவா. “பிள்ளை, இது நீர் இப்ப நிண்ட நிலையில சொல்லுறதோ, முதலே யோசிச்சதோ?”

“முதலே யோசிச்சது மாஸ்டர். பவளம் அந்த வீட்டுக்கு வாறபோது எல்லாரும் பயத்தில ஒதுங்கினவை. அண்ணன் மட்டும் தானாக் கதிரை எடுத்துப் போட்டு, ‘இருங்கோ’ எண்டு சொல்லுறார். பேய்க்குப் பயமில்லை, பவளத்துக்கும் பயமில்லை. அவர்தான் எண்டு நான் அங்கயே சொல்லிப்போட்டன்.”

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பக்கத்தைப் புரட்டினார். பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். “கதிரை... ஓம், கதிரை இருக்குது” என்று ஒலிவாங்கியில் சொன்னார். பாவம், அது தனக்குள் சொன்னது.

பிறகு பார்க்க வேண்டுமே! கேள்விக்கு மேல் கேள்வி. ஈரக் காலடி ஏன் வலப்பக்கமாகவே நடந்தது? மாப்பிள்ளை ஏன் வெற்றிலை போடவில்லை? எல்லாவற்றுக்கும் விடை வந்தது. ஒன்றுக்குக்கூட அவள் தடுமாறவில்லை. நான் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நடுவில் மரம்போல் நின்றேன். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்குப் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை! பதினாறு வருடம் ஒரே குசினியில் சாப்பிட்டவளை அன்றுதான் நானும் முழுதாகப் பார்த்தேன்.

கடைசியில் காசிம் காக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: “தங்கச்சி, எங்கள்ல கோவமா? லோஞ்சில ஒங்களத்தானே தள்ளி இரிக்கச் சொன்னன்...”

தவமலர் சிரித்தாள்.

“கோவமில்லை காக்கா. இண்டைக்குப் பவளமே இந்த மண்டபத்துக்கு வந்திருந்தாலும் உங்கட ஒருத்தரின்ர மனசும் அவளுக்குக் கேட்டிருக்காது. நீங்கள் ஒருத்தரும் ஒண்டையும் ஒளிக்கேல்லை. ஒரு பொம்பிளை இதை எழுதமாட்டாள் எண்டு உண்மையாவே நினைச்சியள்... அவ்வளவுதான்.”

சிரிப்பு உடனே வரவில்லை. முதலில் பெண்கள் பக்கத்தில் தொடங்கியது. பிறகு மெல்ல மெல்ல ஆண்கள் பக்கம் வந்தது. வந்தபோது அதில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட நேரம் துடைத்தார். பெரிய மனிதர் அவர். பிழையை ஏற்க ஒரு நிமிடம்தான் எடுத்தார். ஒலிவாங்கிக்கு வந்து சொன்னார்:

“வழு புத்தகத்தில இல்லை. ஆய்வில. அழைப்பிதழில.” பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி சதாசிவம், அந்தப் பொன்னாடையை ஒருக்கால் கழற்றித் தாரும்.”

கழற்றிக் கொடுத்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட ரீச்சர் மேடைக்கு வந்து தவமலருக்குப் போர்த்திவிட்டார். மேடையில் போர்த்திய பொன்னாடையைப் பறிகொடுத்துவிட்டு, சந்தோஷத்தில் கைதட்டிய மனிதன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன்: “பவளம் இருக்கிறாளோ?”

“இருக்கிறாள். அடுத்தது உங்கட துறைமுகத்துக்குத்தான் வாறாள். ஒரு மேலதிகாரியின்ர மேசைக்குக் கீழ ஆரோ அழுகிற சத்தம் கேக்குதாம்.”

எந்த மேலதிகாரி என்று நான் கேட்கவில்லை. உங்களைப் போல் இதழ் வந்ததும் வாசித்துக்கொள்கிறேன்.

இந்தக் கிழமை வாசகர்களின் கடிதங்கள் தவமலர் பெயருக்கே வருகின்றன. அச்சக உரிமையாளர் அவளுடைய படத்தைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். பொன்னுத்துரை மாஸ்டர் நேற்றுத் தெருவில் சைக்கிளை நிறுத்தி, என் தோளில் கைவைத்து, கண்ணைச் சிமிட்டிக் கேட்டார்:

“தம்பி, உண்மையைச் சொல்லும். கிழமைக்குக் கிழமை வாற உம்மட பத்தியும் தவமலர்தானே எழுதுறவ?”

அது நான்தான் என்று மறுத்துச் சொன்னேன். “தெரியும் தம்பி, தெரியும்” என்றார்.